புத்தருக்குக் கால் வேண்டும்

எங்கள் ஊர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். ஹைதராபாத்தின் திறந்தவெளிச் சிலைகளுக்கும் சுவர் ஓவியங்களுக்கும் அதில் பன்னிரண்டு பக்கம். காமிரா வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியதில் போன வாரம் வரை 17 படங்கள் வந்தன. அதில் 14 ஹுசேன் சாகர் புத்தர். பக்கத்தில் பொருத்திப் பார்த்தால் அந்தப் பதினாலில் பதினோரு புத்தருக்குக் கால் இல்லை. ஒருவர் முழங்காலோடு நிறுத்தியிருக்கிறார், இன்னொருவர் இடுப்போடு. ஒரு படத்தில் ஆசி தரும் கையின் விரல் நுனியும் போய்விட்டது.

செகந்திராபாத்தில் அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பக்கம் கட்டியே முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான். கொஞ்சம் படமும் எடுப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் போனில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நேரில் எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் ‘நீ’ என்று வருகிறது. வயசுக்காகப் பொறுத்துக்கொள்.

1. போன உடனே காமிராவைப் பையிலிருந்து எடுக்காதே. அரைமணி நேரம் சும்மா நட.

டாங்க்பண்ட் என்பது ஹுசேன் சாகர் ஏரியின் கிழக்குக் கரை. அங்கே நின்று புத்தரைப் பார்த்தால் மாலைச் சூரியன் அவருக்குப் பின்னால் விழும். ஊரே அந்த நேரத்தில்தான் அங்கே கூடுகிறது; அதனால்தான் ஊரே அந்தக் கறுப்பு நிழலுருவத்தை எடுத்து வைத்திருக்கிறது. அதே இடத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போ. வெயில் உன் முதுகுப் பக்கமிருந்து வந்து கல்லின் மேல் விழும், உளி போன மடிப்பெல்லாம் தெரியும். படகேறிப் பாறைத் திட்டுக்குப் போய் இறங்கினால் சிலை வேறு ஆளாகிவிடும்: அங்கே அது 58 அடி. கரையிலிருந்து பார்த்தபோது கட்டைவிரல் அளவு. இரண்டும் நிஜம்தான். உனக்கு எது வேண்டும் என்பதைக் கால்தான் முடிவு செய்ய வேண்டும், ஜூம் இல்லை.

2. படம் எந்தக் காகிதத்தில், எந்த அளவில் வரப்போகிறது என்று கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதே.

இதைக் கேட்டால் எடிட்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறாய். மாட்டார், சந்தோஷப்படுவார். எங்கள் மலர் ஏ4 அளவு. முழுப் பக்கப் படம் என்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விட வேண்டும். அந்த 3 மில்லிமீட்டர் கத்திக்குப் போகிற பங்கு. ஆக, 216-க்கு 303 மி.மீ. 300 டிபிஐ கணக்கில் சுமார் 2550-க்கு 3580 பிக்சல். உன் 24 மெகாபிக்சல் காமிரா தருவது 4000-க்கு 6000. நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வடிவம் வேறு. காமிராவின் சட்டம் இரண்டுக்கு மூன்று. ஏ4 அதைவிடக் குட்டை. அகலத்தை அப்படியே வைத்துப் பொருத்தினால் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு போய்விடும். சட்டத்துக்குள் தலை உச்சி முதல் பீடம் வரை இழுத்துப் பிடித்து நெருக்கி எடுத்தாயானால், போவது ஒன்று தலை, இல்லை கால். சதுரக் கட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கே போகும். அந்தப் பதினோரு புத்தர்களில் பாதிப் பேர் கால் இழந்தது இப்படித்தான். படம் எடுத்தவன் வெட்டவில்லை, பக்கம் வெட்டிவிட்டது. சுற்றிலும் இடம் விட்டு எடுத்திருந்தால் வெட்ட நிறைய இருந்திருக்கும்.

இன்னொன்று. படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகத் தட்டி விடாதே. நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வரும். 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம். முழுப் பக்கம் போட நினைத்தவன் தபால் அட்டை அளவில் போட வேண்டியதுதான். டாக்குமென்டாக அனுப்பு, இல்லை பென் டிரைவில் கொண்டு வா, ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

3. பீடத்தை வெட்டுவதற்கு முன் அது யார் வைத்த பீடம், எதற்கு வைத்தது என்று தெரிந்துகொள்.

நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் கன்னியாகுமரி வள்ளுவர். 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. மொத்தம் 133 அடி. பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளும் இன்பமும். பீடத்தை வெட்டிவிட்டு வள்ளுவரை மட்டும் அச்சில் போடுகிறவன் அறத்துப்பாலைக் கிழித்துவிட்டுக் குறள் விற்கிறான்.

இங்கே செயலகத்துக்குப் பக்கத்தில் 2023 ஏப்ரல் 14 அன்று திறந்த அம்பேத்கர் சிலையும் அப்படித்தான். ராம் வி. சுதார் வடித்தது. சிலை 125 அடி, அதைத் தாங்கும் கட்டடம் 50 அடி. அந்த 50 அடி ஏதோ மேடை என்று நினைக்காதே. நாடாளுமன்றக் கட்டடத்தின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். அரசியல் சட்டத்தைக் கையில் பிடித்தவர் எதன் மேல் நிற்கிறார் என்பதுதான் சிலை சொல்கிற சேதி. மார்பளவுப் படம் வேண்டுமென்றால் தாராளமாக எடு, ஆனால் அது முகத்தின் படம். சிலையின் படம் என்று அடியில் எழுதாதே.

டாங்க்பண்ட் வரிசைக்கு இது இன்னொரு விதத்தில் பொருந்தும். 1986-இல் என்.டி. ராமராவ் காலத்தில் வைத்த 33 சிலைகள். அதில் நமக்கு உறவுள்ளவர்களும் உண்டு. திருவையாற்றில் அடங்கிய தியாகையர் இருக்கிறார், கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் இருக்கிறார். நடந்து போகிறவன் பீடத்தில் பெயரைப் படித்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறான். பெயரை வெட்டிவிட்டால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

4. சிலை பின்னால் சாய்ந்து விழுகிறதா? காமிராவை அண்ணாந்து பிடித்திருக்கிறாய்.

கிட்டே போய்த் தலையைத் தூக்கி எடுத்தால் கோடுகளெல்லாம் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்று ஷிப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். அதன் விலைக்கு நம் வீட்டில் ஒரு கல்யாணம் இல்லாவிட்டாலும் ஒரு நிச்சயதார்த்தம் நடத்தலாம். ஏழைக்கு வேறு வழி உண்டு, அந்த வழியே கத்தரிதான்.

காமிராவை நிமிர்த்தி, தரைக்கு நேராக, கிஞ்சித்தும் சாய்க்காமல் பிடி. அடிவானம் சட்டத்தின் நடுவில் வரும். கீழ்ப் பாதி முழுக்க ரோடு, ஆட்டோ, நடைபாதைக் கல். மேல் பாதியில் சிலை நேராக நிற்கும். அப்புறம் கீழ்ப் பாதியை வெட்டித் தூக்கிப்போடு. அம்பேத்கரின் 175 அடி உயரத்தை மேல் பாதிக்குள் அடக்க 50 மி.மீ. லென்ஸோடு சுமார் 475 அடி பின்னால் போக வேண்டியிருக்கும், 24 மி.மீ. என்றால் ஏறக்குறைய 230 அடி போதும். போனின் மெயின் காமிராவும் கிட்டத்தட்ட அந்தக் கோணம்தான். பாதியை வெட்டிய பிறகு 24 மெகாபிக்சலில் உயரத்துக்கு மிஞ்சுவது 3000 பிக்சல், அச்சில் பத்து அங்குலம். அரைப் பக்கத்துக்கு வேண்டியதைவிட அதிகம். கம்ப்யூட்டரில் சாய்வைச் சரிசெய்யலாமே என்பாய். செய்யலாம். ஆனால் அது மேல்பகுதியை இழுத்து நீட்டித்தான் சரிசெய்யும். இழுத்த இழுப்பில் முகம் நீண்டுவிட்ட தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானே அப்படி அச்சுக்கு அனுப்பி, பிளேட் போட்ட பிறகு கவனித்து, அந்த அச்சு ஃபாரத்தின் செலவைக் கையிலிருந்து கொடுத்தேன்.

5. விரல் எங்கே காட்டுகிறதோ அங்கே இடம் விடு. அம்பேத்கரின் சுட்டுவிரலுக்கு முன்னால் காற்று வேண்டும். விரல் நுனி பக்கத்தின் ஓரத்தில் இடித்தால் அவர் எதையோ காட்டுவது போய், சுவரைக் குத்துவது போல ஆகிவிடும். புத்தரின் அபயக் கைக்கும் இதேதான்.

6. எதிலெல்லாம் வெட்டக் கூடாது: கணுக்கால், மணிக்கட்டு, முழங்கால், கழுத்து. மூட்டில் வெட்டினால் முறித்த மாதிரி இருக்கும். இரண்டு மூட்டுக்கு நடுவில் வெட்டு.

7. மின்கம்பியை அழிக்காதே.

இப்போது எல்லாரிடமும் விரலால் தடவினால் கம்பி மறையும் ஆப் இருக்கிறது. விளம்பரத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய். பத்திரிகைக்கும் மலருக்கும் வேண்டாம். ஹைதராபாத்தில் கம்பி இல்லாத வானம் எங்கே இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்து ஒருவன் கேட்டால், உன் படத்தைக் காட்டி அந்தக் காலத்தில் இருந்தது என்பார்கள். அது பொய். கம்பி உறுத்தினால் இரண்டடி தள்ளி நில், குந்தி உட்கார், அதுவும் முடியாவிட்டால் கத்தரி. ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இதே மருந்து. பிறந்தநாள் தலைவரின் சிரிப்பு சிலையின் காலடியில் இருந்தால், அதைச் சேர்ப்பதா விடுவதா என்பது நீ எதைச் சொல்ல வருகிறாய் என்பதைப் பொறுத்தது. சில நேரம் அந்த பேனர்தான் படம்.

8. காகிதத்தைவிட வெள்ளை அச்சில் கிடையாது. இந்த ஒரு வரியை எழுதிக் காமிராப் பையில் ஒட்டி வை.

புத்தர் வெள்ளைக் கருங்கல். மதிய வானமும் வெளிறிய வெள்ளை. திரையில் இரண்டும் பிரிந்து தெரியும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. காகிதத்துக்குப் பின்னால் எதுவும் எரியவில்லை. வெளுத்துப்போன இடத்தில் அச்சு எந்திரம் ஒரு புள்ளி மைகூட வைக்காது. வெறும் காகிதம்தான் நிற்கும். பக்கத்தின் ஓரமும் வெள்ளை, வானமும் வெள்ளை, தோளும் வெள்ளை. புத்தர் பக்கத்துக்குள் கரைந்து காணாமல் போவார். ஏற்கெனவே ஒருமுறை காணாமல் போனவர்தான் அவர். சுமார் 350 டன் ஒற்றைக்கல்லை 1990-இல் மிதவையில் ஏற்றிக் கொண்டு போகும்போது மிதவை கவிழ்ந்தது, ஆட்கள் செத்தார்கள், சிலை இரண்டரை வருஷத்துக்கு மேல் ஏரிக்குள் கிடந்தது. 1992 டிசம்பரில்தான் பாறையில் நிமிர்ந்தது. நீ இன்னொரு தடவை மூழ்கடிக்காதே. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடு. கல்லின் வெளிச்சமான இடத்திலும் லேசாகச் சாம்பல் இருக்கட்டும்.

அவருக்குக் கூப்பிடு தூரத்தில், 2023 ஜூனில் திறந்த தெலங்கானா தியாகிகள் நினைவகம் இன்னும் சிக்கல். எரியும் அகல் விளக்கு போன்ற வடிவம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேற்பரப்பு. கண்ணாடி மாதிரி. அதை நீ எடுப்பதில்லை; அதில் தெரியும் வானத்தை, ரோட்டை, பஸ்ஸை எடுக்கிறாய். மேகமூட்டமான நாள் அதற்கு நல்லது. இல்லாவிட்டால் சூரியன் மறைந்த இருபது நிமிஷத்துக்குள், வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும்போதே எடு. நியூஸ்பிரிண்டில் வரப்போகிறதென்றால் நிழல் பக்கத்தையும் பார்த்துக்கொள். அந்தக் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், கருமையான இடமெல்லாம் ஒரே சேறாகிவிடும்.

9. நடுவில் வைக்காதே என்று யார் சொன்னாலும் நம்பாதே.

சட்டத்தை ஒன்பது கட்டமாகப் பிரி, கோடு வெட்டும் இடத்தில் பொருளை வை என்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம்தான், சோம்பேறித்தனத்தைத் தடுக்கும். ஆனால் முச்சிந்தலில் இருக்கும் ராமானுஜரை அப்படி ஓரத்தில் ஒதுக்கி வைத்து ஒரு பிள்ளை அனுப்பியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், 216 அடி உயரத்துக்குப் பஞ்சலோகத்தில் உட்கார்ந்திருக்கிறார். 2022 பிப்ரவரி 5 அன்று திறந்த சிலை. படிக்கட்டு, தாமரை, கூப்பிய கை, முகம் என்று கீழிருந்து மேல்வரை ஒரே நடுக்கோட்டில் கட்டியிருக்கிறார்கள். கர்ப்பக்கிரகத்துக்கு நேரே நின்று சேவிக்கிற மாதிரி நின்று எடுக்க வேண்டிய சிலை அது. செய்தவன் சமச்சீராகச் செய்திருந்தால் நீயும் நடுவில் நில். நின்றால் சரியாக நடுவில் நில், அரையடி விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

மெரினா உழைப்பாளர் சிலை நேர் எதிர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-இல் வைத்தது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். சிலை முழுக்க ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அதைப் போய் நடுவில் நிறுத்தினால் அவர்கள் தள்ளும் பாறை எங்கே போகும்? தள்ளும் திசையில் இடம் விடு. சிலை என்ன செய்கிறது என்று பார், விதி அப்புறம்.

10. இரண்டு எல் அட்டை செய்து வைத்துக்கொள்.

கம்ப்யூட்டரில் கிராப் செய்வது சுலபம், அதனால்தான் யோசிக்காமல் செய்கிறோம். பழைய காலண்டர் அட்டையில் ‘எல்’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டு. ஆறுக்கு எட்டு பிரிண்ட் ஒன்று போடு. மேசையில் வைத்து இரண்டு அட்டையையும் எதிரெதிராக வைத்தால் ஒரு ஜன்னல் கிடைக்கும். நகர்த்து.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் கொண்டு வந்த படத்தை இப்படித்தான் வைத்துப் பார்த்தோம். கால் உள்ள மூன்று புத்தர்களில் ஒன்று. லும்பினி பூங்காவிலிருந்து போகும் படகில் உட்கார்ந்து எடுத்தது. முன்னால் மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெரியவரின் முதுகு, நடுவில் தண்ணீர், தூரத்தில் புத்தர், அதற்கும் பின்னால் கரைக் கட்டடங்கள். அவளுக்கு அந்த முதுகு பிடிக்கவில்லை. “குறுக்கே வந்துட்டார் சார், வெட்டிடலாம்” என்றாள். இடது அட்டையை நகர்த்தி முதுகை மறைத்தோம். புத்தர் தனியாக நின்றார். அழகாகத்தான் இருந்தார், பூங்கா வாசலில் விற்கும் பிக்சர் கார்டு மாதிரி. அட்டையைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தோம். மேலே வானம் வெறுமையாக மூன்று விரல் அகலம் இருந்தது. மேல் அட்டையை இறக்கி அதைக் குறைத்தோம். வலது ஓரத்தில் இன்னொரு படகின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதை எடுத்தோம். இப்போது பெரியவரின் தலையும் புத்தரின் தலையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். ஒருவர் முகம் காட்டவில்லை, ஒருவர் நம்மைப் பார்க்கிறார். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பென்சில் கேட்டாள், ஓரத்தில் நாலு குறி போட்டாள். மலரில் அது இரட்டைப் பக்கம் வருகிறது. நடுமடிப்பு வெறும் தண்ணீரில் விழும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். முகத்தில் மடிப்பு விழுந்தால் எந்தப் படமும் பிழைக்காது.

இந்த ஊரிலேயே ஒருவர் வெட்டாமல் எடுத்தே பேர் வாங்கினார். ஆறாவது நிஜாமின் ஆஸ்தான போட்டோக்காரர் ராஜா தீன் தயாள். கண்ணாடிப் பிளேட், பிளேட் என்ன அளவோ பிரிண்டும் அந்த அளவு. பெரிதாக்கி வெட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை. அவர் படங்களைப் பார்க்க வாய்த்தால் நாலு ஓரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு வா.

11. சுவர் ஓவியம் வேறு ஜாதி. அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ராஜ்பவன் ரோட்டுப் பக்கம் எம்.எஸ். மக்தா என்ற குடியிருப்பு. 2016-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு ஓவியர்களைக் கூட்டி வந்து அங்கே வீட்டுச் சுவர்களிலெல்லாம் வரையச் செய்தது. சந்து குறுகல். சுவருக்கு நேரே நின்று முழுதும் எடுக்க முடியாது, பின்னால் போனால் எதிர் வீட்டுத் திண்ணை இடிக்கும். அப்போது நானும் போயிருந்தேன். ஒரு சுவரில் பெரிய முகம் ஒன்று. அதன் கன்னத்தில் அந்த வீட்டின் கதவு. ஒரு அம்மாள் துணி காயப்போட வந்தார், உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். வாளி இருந்தது, நகர்த்தி வைத்தேன். கதவு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதற்கு மேலே வெட்டி, கண்ணும் நெற்றியும் மட்டும் வைத்து அச்சுக்குக் கொடுத்தேன். நல்ல படம் என்று நாலு பேர் சொன்னார்கள். வந்த பிரதியை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடுத்தேன். ஏழெட்டு வயசுப் பையன் பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஹமாரா தர்வாஜா கிதர் ஹை?” எங்கள் கதவு எங்கே?

கதவோடு எடு. வாளியோடு எடு. கான்வாஸில் வரைய வேண்டுமென்றால் அந்த ஓவியர் கான்வாஸிலேயே வரைந்திருப்பார்.

கைரதாபாத்தில் சதுர்த்திக்கு வைக்கிற பிள்ளையாருக்கும் இதுவே. 1954-இல் ஒரு அடிச் சிலையாகத் தொடங்கியது, 2024-இல் 70 அடி. அந்த உயரத்தைக் காட்ட அளவுகோல் வேண்டாமா? தோளில் உட்கார்ந்த குழந்தை, சாரத்தில் தொங்கும் ஆள், தேங்காய்க் கடை, ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்கட்டும். கூட்டத்தை முழுக்க வெட்டி எறிந்தால் பிள்ளையார் 70 அடியா ஏழு அங்குலமா என்று பக்கத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது.

12. சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனால் பிரசுரம் செய்கிறவன் இவ்வளவு தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறது. கட்டடத்துக்கும் அப்படியே. ஆக புத்தர், அம்பேத்கர், டாங்க்பண்ட் பெரியவர்கள் விஷயத்தில் கவலை இல்லை. ஆனால் அந்த வரியில் இரண்டு சொல்லைக் கவனி. ஒன்று ‘சிற்பம்’. சுவர் ஓவியத்தை அது பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. இன்னொன்று ‘நிரந்தரமாக’. பத்துப் பதினொரு நாளில் கரைந்து போகிற பிள்ளையார் நிரந்தரம் என்று யார் வாதாடுவது? அதனால் ஓவியத்தைப் பெரிதாகப் போடுவதானால் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. ஸ்வாதி, விஜய் என்று இந்த ஊரில் சுவர் வரையும் தம்பதி இருக்கிறார்கள். இப்படி வரைகிறவர்கள் பலரும் சுவரின் மூலையில் கையெழுத்துப் போடுவது உண்டு. அந்த மூலையைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம்!

57-ஆவது பிரிவு இன்னொன்று சொல்கிறது. படைப்பைச் சிதைத்து மானத்தைக் கெடுத்தால் படைத்தவன் கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துப் போட்டதற்காக 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அது பெயர்த்த கதை, அச்சில் வெட்டிய கதை வேறு. இருந்தாலும் அம்பேத்கரின் விரலை வெட்டும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

13. ட்ரோன் வேண்டாம். செயலகத்தின் பக்கத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டு, அப்புறம் எனக்குப் போன் செய்யாதே.

14. வெட்டியதை அனுப்பு, வெட்டாததை வைத்துக்கொள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஃபிலிம் காலத்தில் டாங்க்பண்ட் சிலைகளைப் பல தடவை எடுத்திருக்கிறேன். பத்திரிகைக்கு எப்போதும் முகம்தான் வேண்டும், ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்கும் அளவுக்கு. அந்த அளவுக்கே வெட்டி வெட்டிப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். வீடு மாறியபோது பிரிண்டுகளை ஸ்கேன் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் நெகட்டிவ் டப்பாக்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். 2011 மார்ச் 10 அன்று தெலங்கானா போராட்டப் பேரணியின்போது டாங்க்பண்டில் பல சிலைகளை உடைத்தார்கள், சிலதை ஏரியில் தள்ளினார்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேசப் போவதில்லை. அடுத்த வாரமே தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: “உங்களிடம் பழைய படம் இருக்குமே, முழுசா? எந்தச் சிலைக்குப் பக்கத்தில் எது இருந்தது, பீடத்தில் என்ன எழுதியிருந்தது, கையில் என்ன பிடித்திருந்தார், தெரியணும்.” தேடினேன். முகங்கள் இருந்தன. இருபது முப்பது முகங்கள். ஒன்றிலும் கை இல்லை.

இப்போது ஹார்டு டிஸ்க் மலிவு. எங்கே போனாலும் கடைசியாக ஒரு படம், அழகே வேண்டாம், முழுச் சிலை, பீடம், எழுத்து, இரண்டு பக்கத்து மரம், எல்லாம் தெரிய எடுத்துப் போட்டு வை. தேதி போடு.

15. படக்குறிப்பையும் நீயே எழுது. இடம், வருடம், செய்தவர் பெயர்.

பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது, நம் ஆட்கள் எல்லோரும் விழுவது. ஹுசேன் சாகர் புத்தரைச் செதுக்கியவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரி வள்ளுவரைச் செய்தவர் வை. கணபதி ஸ்தபதி. வேறு வேறு ஆட்கள். நான் ஒரு தடவை இனிஷியலை மாற்றிப் போட்டேன். பிரதி வெளியே போன மறுநாள் காலை வாசகர் ஒருவர், மைலாப்பூரிலிருந்து, எஸ்.டி.டி. போட்டுத் திட்டினார். பாதி நேரம் பழைய ஊர் விசாரிப்பு, பாதி நேரம் திட்டு. காசு அவருடையது, அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்பைப் படத்தின் மேல் எழுதாதே. தனித் தாளில், படத்தின் ஃபைல் நம்பரைப் போட்டு எழுது. இன்னும் ஐந்து பக்கம் காலியாக இருக்கிறது. கன் பார்க்கில் எக்கா யாதகிரி ராவ் செய்த பழைய தியாகிகள் ஸ்தூபியை ஒருவரும் எடுக்கவில்லை. யார் போகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அதற்கு ஒரு முழுப் பக்கம் நிறுத்தி வைப்பேன்.